பிரித்து எழுதுக

நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் என் பள்ளித் தோழர், தோழிகளே! காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே கைப்பேசிச் சொல் விளையாட்டில் ஐந்து கட்டங்களை நிரப்பி, பச்சையும் மஞ்சளுமாக வந்த மதிப்பெண்ணை நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, பெரிய மூளைக்காரர்களாக வலம் வருகிறீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்றும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று நம்மில் ஒருவர் "குறுக்கெழுத்தெல்லாம் ரிட்டயர் ஆனவங்க வேலை" என்று எழுதியதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. எங்கள் வீட்டில் குறுக்கெழுத்துப் பைத்தியம் ஒரு கல்யாணத்தையே கிட்டத்தட்ட முடித்துவைத்தது. உட்காருங்கள், சொல்கிறேன்.

அப்போது நாங்கள் செம்பாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தோம். ஏரியில் தண்ணீரும், தெருவில் சேறும், மழைக்காலத்தில் குளியலறையில் தவளையும் இருந்த காலம். அப்பா தாம்பரத்திலிருந்து பீச் வரை தினமும் மின்சார ரயிலில் போய்வந்த அலுவலகக் குமாஸ்தா. அம்மா வீட்டையும் என்னையும் அப்பாவின் பேச்சையும் சமாளித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் தங்கையான சித்தி, தாம்பரத்தில் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர் வேலை கிடைத்ததும் எங்களோடு வந்து தங்கிவிட்டாள். நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். வாய் மட்டும் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு ஓர் இணைப்புப் புத்தகம் வரும். அதன் கடைசிப் பக்கத்தில்தான் அந்தக் குறுக்கெழுத்து. அந்தப் புத்தகம் எப்போதோ நின்றுவிட்டது. அதன் சாணித்தாளின் வாசனையும், விரலில் ஒட்டிக்கொள்ளும் மையும், முனையில் ரப்பர் வைத்த பென்சிலால் அழித்து அழித்து ஓட்டை விழுந்த கட்டங்களும் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. அப்பா பிரம்பு நாற்காலியில் உட்காருவார். சித்தி தரையில் கால் நீட்டி, மடியில் அட்டை கிழிந்த அகராதியோடு உட்காருவாள். கையெழுத்து குண்டு குண்டாக இருந்ததால் கட்டத்தில் எழுதும் உரிமை எனக்கு. அம்மா சமையலறையில் இருந்தபடி, "மணி பதினொண்ணு ஆச்சு, யாராவது தேங்கா துருவுவீங்களா, இல்ல அதுக்கும் கட்டம் போட்டுத் தரணுமா?" என்பாள்.

சாதாரணக் குறுக்கெழுத்தை அப்பா தொடமாட்டார். 'பாலைவனக் கப்பல்' என்று போட்டு ஐந்து கட்டம் கொடுத்தால், "இதுல என்ன இருக்கு, ஒட்டகம்னு ஒட்டகமே சொல்லும்" என்பார். எங்களுடையது வேறு வகை. அப்பா அதைத் திருட்டுக் குறிப்பு என்பார். ஒரு வாக்கியம் இருக்கும். அதில் ஒரு பாதி விடைக்கு நேர்ப்பொருள். மறு பாதி, அந்த விடையையே துண்டு போட்டு, திருப்பி, ஒளித்துக் காட்டும் வித்தை. இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக எதையோ சொல்வதுபோல் அப்பாவியாக நிற்கும். 'தலை போன தவளை, நண்டுக்கு வீடு', இரண்டு எழுத்து. தவளையில் தலை எழுத்து போனால் வளை. நண்டு இருப்பதும் வளைதான். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது புரிகிற வரைக்கும் குளியலறைத் தவளை ஒன்று தலையில்லாமல் மனதில் குதித்துக்கொண்டே இருக்கும்.

நான் முதன்முதலில் கண்டுபிடித்த விடை எதுவென்று கேட்கமாட்டீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். 'கரையில் உட்கார்ந்து எதைப் பார்க்கிறாய்? கொறி!' மூன்று எழுத்து. அப்பாவும் சித்தியும் ஏரிக்கரை, குளக்கரை, வேட்டிக்கரை என்று அரை மணி நேரம் சுற்றினார்கள். எனக்கு எரிச்சல். "கரையில உக்காந்தா எல்லாரும் கடலைத்தான் பார்ப்பாங்க, இது என்ன கேள்வி?" என்றேன். இருவரும் என்னையே பார்த்தார்கள். அப்பா எழுந்து நின்றுவிட்டார். "கடலை! எதைப் பார்க்கிறாய், கடலை! எதைக் கொறிக்கிறாய், கடலை!" என்று கத்தினார். அன்றுவரை எத்தனை பொட்டலம் வேர்க்கடலை தின்றிருப்பேன், ஒருநாளாவது அதற்குள் கடல் இருப்பது தெரிந்ததா? வாயில் போட்டு மென்ற சொல் திடீரென்று திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தது. அந்தச் சந்தோஷம் உங்கள் பச்சைக் கட்டத்தில் வராது.

சித்தி பெரிய ஆள். எழுத்தை மாற்றிப்போடும் குறிப்பென்றால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். ஆனால் ஒருமுறை, 'காரியம் கைகூடியது, அம்மாவின் தங்கையால்' என்ற மூன்றெழுத்துக் குறிப்பில் மாட்டிக்கொண்டாள். தவம், வரம் என்று அகராதியைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். அப்பா சிரிப்பை அடக்க வாயில் துண்டை வைத்துக்கொண்டார். கடைசியில் நான்தான், "சித்தி!" என்று கூப்பிட்டேன். "இரு, யோசிக்கிறேன்" என்றாள். "சித்தி, சித்தி!" என்றேன் மறுபடியும். "சும்மா கூப்பிடாதேடி" என்று அதட்டியவள், அப்புறம் கையிலிருந்த அகராதியாலேயே தன் தலையில் போட்டுக்கொண்டாள். சித்தி என்றால் கைகூடுவது என்றும் பொருள் உண்டென்று வகுப்பில் பாடம் நடத்துகிறவள் அவள்.

அப்பாவுக்கு இந்த வியாதி ஞாயிற்றுக்கிழமையோடு நிற்காது. ரயிலில் வரும்போதே பெயர்ப்பலகைகளைப் பிய்ப்பார். பிய்க்க வராத பெயரென்றால், "பகாப்பதம்" என்று இலக்கணம் சொல்லி விட்டுவிடுவார். 'அவரே மேலுலகம் போய்ச்சேரும் ஸ்டேஷன்' என்று ஒருநாள் வீட்டுக்குள் நுழைந்தபடியே கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சித்தி அடுப்படியிலிருந்தே, "தாம், பரம். தாம்பரம்" என்றாள். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் இப்போது நினைக்கிறேன், அந்த வீட்டில் அப்பா சொல்வது முழுதாகப் போய்ச்சேர்ந்த ஒரே ஆள் சித்திதான். அவரிடம் ஒரு வேதவாக்கு உண்டு. "சொல்றதை நம்பாத. சொல்றதுக்கு உள்ள என்ன இருக்குன்னு பாரு." குறுக்கெழுத்துக்கு இதைவிட நல்ல அறிவுரை கிடையாது. இதை வீட்டில் மனிதர்கள் மேல் பிரயோகித்ததுதான் வில்லங்கம்.

அந்த ஐப்பசியில் சித்தியைப் பெண் பார்க்கக் குரோம்பேட்டையிலிருந்து வந்தார்கள். அடைமழை. ஆட்டோக்காரர்கள் எங்கள் தெரு என்றாலே தலையை ஆட்டிவிடுவார்கள். அப்பா ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன் வரை குடையோடு போய் அவர்களை அழைத்துவந்தார். வரும் வழியில் ஒவ்வொரு பள்ளத்திலும் மாப்பிள்ளையின் அப்பா வழுக்கி, "அப்பாடி, என்னா சார் ரோடு இது" என்றிருக்கிறார். அப்பா சும்மா இருப்பாரா? "பாட்டுப் பாடித் தாளம் போட்டா ஆழத்துல விழுவோம் சார். நாலு எழுத்து" என்றாராம். அந்த மனிதர் நடுத்தெருவில் மழையில் நின்று யோசித்து, "பா... தாளம்... பாதாளம்!" என்று குதித்ததில் வேட்டியெல்லாம் சேறு. வீட்டுக்குள் வரும்போதே இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார்கள். அம்மா என் காதில், "பொண்ணு பார்க்க வந்தாங்களா, உங்கப்பாவைப் பார்க்க வந்தாங்களா?" என்றாள்.

மாப்பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. கிண்டியில் வேலை. பஜ்ஜியை எண்ணெய் ஒட்டாமல் சாப்பிட்டார். என்னிடம் எந்த வகுப்பு என்று கேட்டு, பதிலையும் கேட்டார். அவர் மேல் ஒரு குறையும் இல்லாததுதான் பின்னால் சித்திக்குப் பெரிய சிக்கலாகிவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா நேர்பேச்சுக்காரர். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடலாமே. ஏம்மா, எங்க பையனைக் கட்டிக்க உனக்குச் சம்மதமா?" என்றார்.

சித்தி தலையை நிமிர்த்தி, "வேண்டாம்" என்றாள்.

நீங்களும் நானும் 'வேணாம்' என்போம். சித்தி வேலையில் சேர்ந்த நாள்முதல் நாலு பேர் முன்னால் சொற்களை முழுதாகத்தான் சொல்வாள். அதனால் அந்தச் சொல் ஒவ்வோர் எழுத்தாக, தெளிவாக, கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடியது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை டம்ளரையே பார்த்தார். அப்பாவால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

"எங்க வீட்ல எல்லாரும் பிரிச்சுத்தான் பேசுவோம் சார்" என்று சத்தமாகச் சிரித்தார் அப்பா. "வேண்டு. ஆம். வேண்டாம்! வேண்டிக்கிட்டது கெடச்சா ஆமாம்னுதானே சொல்லணும்? டீச்சரம்மா, அதான் நேரா சொல்ல வெக்கம்."

மாப்பிள்ளையின் அப்பா தொடையில் தட்டினார். "அடடா! வேண்டு, ஆம்! உகரம் ஓடிப்போயி வேண்டாம்! எப்பேர்ப்பட்ட பொண்ணு சார்!" கூடமே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். அம்மா வாழைப்பழத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். சித்தி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் எல்லோரும் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர்கள் போனதும் சித்தி, "மாமா, நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றாள்.

"அதைத்தானேம்மா நானும் சொல்றேன்" என்றார் அப்பா.

அம்மா வேறு ஒருபக்கம். "அவ புடவைக் கடையிலயும் முதல்ல காட்டுறதை வேண்டாம்பா. கடை முழுக்கப் புரட்டிட்டு அதையேதான் எடுப்பா" என்றாள். இது உண்மை. நானே பார்த்திருக்கிறேன். ஆனால் புடவை பிடிக்கவில்லையென்றால் பீரோவில் மடித்து வைத்துவிடலாம்.

நான் சித்தியிடம் தனியாகக் கேட்டேன், ஏன் பிடிக்கவில்லை என்று. துணி மடித்துக்கொண்டிருந்தவள், "பிடிக்கலை. அவ்ளோதான். காபிப்பொடி மாதிரி இதுக்கும் என்ன கலப்படம்னு சொல்லணுமா?" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்குப் பாகற்காய் பிடிக்காது. காரணம் கேட்டால் நானும் அதையேதான் சொல்வேன்.

அப்பாவுக்குப் போதவில்லை. காரணம் இல்லாமல் ஒருத்தி மறுப்பாள் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. உள்ளே ஏதோ இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார். அடுத்த நாள் சித்தி, "எனக்கு இதுல இஷ்டம் இல்லை மாமா" என்றாள், நிதானமாக. அப்பா பிரம்பு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தார். "இல் என்றால் வீடு. இல்லை என்றால் வீட்டை. இஷ்டம் வீட்டை! கூட்டுக்குடும்பம் வேணாங்குறா. தனிவீடு கேக்குறா!" என்று அம்மாவிடம் போய்ச் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா குரோம்பேட்டைக்கே போனார். போய்த் தனிக்குடித்தனம் பேசினார். முடிச்சூரில் அவர்களுக்கு ஒரு மனை இருந்ததாம். வயலை வெட்டிக் கல் நட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. "அதுக்கென்ன சார், பொண்ணு ஆசைப்பட்டா கட்டிக் குடுத்துடுறோம்" என்றுவிட்டார்கள். சித்தி ஒருமுறை மறுத்ததற்கு ஒரு வீடே கிளம்பிவிட்டது.

செய்தி கேட்டு சித்தி அழுதாள். அவள் அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "அவங்களை இனிமே இங்க வர விடாதீங்க மாமா" என்றாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி. அப்பா அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். ஆனால் அவர் உதடு மட்டும் தனியாக அசைந்துகொண்டிருந்ததை நான் கவனித்தேன். "வர விடாதீங்க... வ... ர... வி... டா..." அப்புறம் அப்பாவின் கண் பெரிதாகியது. "ரவி!" என்றார்.

வர விடாதீங்க என்பதற்குள் ரவி ஒளிந்திருக்கிறான், உண்மைதான். வாக்கியத்துக்குள் பெயரை ஒளிப்பது எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சாதாரணமாக வரும் வித்தை. எங்களுக்குத் தெரிந்த ஒரே ரவி, கேபிள்காரர். வயது ஐம்பதுக்கு மேல். அவருடைய மூத்த மகளுக்கே கல்யாணமாகிவிட்டது. அப்பா அதையெல்லாம் யோசித்ததாகத் தெரியவில்லை. மாடியில் ஒயரைப் பற்களால் உரித்துக்கொண்டிருந்த அவர் முன்னால் போய் நின்றார். விசாரணையைக் காண நானும் பின்னாலேயே போனேன்.

"என்னப்பா, எங்க வீட்டுப் பக்கம் அடிக்கடி வர்ற மாதிரி இருக்கே?"

"இன்னா சார் கேக்குற? நீதானே சார் படம் வர்ல, படம் வர்லன்னு டெய்லி போன் பண்ற? ஒனக்குப் பதில் சொல்லியே எனக்குப் பேஜாரா கீது."

"எங்க வீட்ல யார்கிட்டயாவது பேசுவியா?"

"உங்க வூட்டம்மா திட்டுவாங்கோ. நான் கேட்டுக்குவேன். அது பேச்சுன்னா பேச்சுதான்."

அப்பா படியிறங்கி வரும்போது முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. ஆனாலும் தேடலை விடவில்லை. ஒருநாள் சித்தி சோர்ந்துபோய், டீச்சர் தமிழையெல்லாம் விட்டு, "வேணாம் மாமா, விட்டுடுங்க" என்றாள். அப்பா உடனே, "வேணு, ஆம்! யாரு இந்த வேணு?" என்றார். இங்கேதான் சித்தி ஒரு தப்பு செய்தாள். அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "அது எப்படி மாமா சேரும்? வேணுல வர்ற உகரம் முழு உகரம். அது ஓடாது. வேணுவாம்னுதான் வரும்" என்று திருத்தினாள். அப்பா, "அட, கரெக்ட்டும்மா" என்று மகிழ்ந்துபோய் அவளுக்கு ஒரு சபாஷ் போட்டார். அவ்வளவுதான், பேச்சு இலக்கணத்துக்குப் போய்விட்டது. சித்தி கேட்டுக்கொண்டது அப்படியே நின்றது. தன் வாயாலேயே தான் மறுபடி விளையாட்டுக்குள் இழுக்கப்பட்டது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவள் குறுக்கெழுத்துக்கு உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வரும். அப்பா நாற்காலியைப் போட்டு, குறிப்பைச் சத்தமாக வாசிப்பார். சமையலறைப் பக்கம் பார்ப்பார். தேங்காய் துருவும் சத்தம் மட்டும் கேட்கும். இப்போது சித்திதான் துருவுவாள். அப்பா இன்னொருமுறை, இன்னும் சத்தமாக வாசிப்பார். எனக்கு அவர் மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

இன்று எனக்கு ஒன்று நன்றாகத் தெரிகிறது. அப்பாவுக்குச் சித்தியை வற்புறுத்தும் எண்ணம் கொஞ்சமும் இல்லை. அவளை வேறு யாரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டதாகவே நினைத்தார். நேராகப் பேசுவது மந்தமானவர்களின் வேலை என்று எங்கள் வீட்டில் ஒரு கர்வம் இருந்தது, சித்திக்கும் சேர்த்துத்தான். அப்படிப்பட்டவள் ஒருநாள் நேராகப் பேசினால் யார் நம்புவார்கள்? போதாததற்கு, குரோம்பேட்டைக்காரர் சம்பந்தியாக வந்தால் வாராவாரம் சேர்ந்து கட்டம் நிரப்பலாம் என்ற ஆசையும் அப்பாவுக்கு இருந்தது. அதை ஆசை என்று அவர் ஒத்துக்கொண்டிருக்கமாட்டார்.

கார்த்திகை பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மாப்பிள்ளையின் அப்பா போன் செய்வார், நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிடலாம் என்று ஏற்பாடு. அம்மா காலையிலேயே போனின் மேல் போட்டிருந்த பின்னல் துணியைத் துவைத்துக் காயவைத்தாள். துணியைப் பார்த்துவிட்டா போன் செய்யப்போகிறார்கள் என்று கேட்டு நான் ஒரு குட்டு வாங்கினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் அப்பா ஒரே குறிப்பில் திணறிக்கொண்டிருந்தார். 'மதத்தைக் கொடு, நேரமாகிவிட்டது', நாலு எழுத்து. மதம் என்றால் யானைக்கு வருவது, மதம் என்றால் சமயம் என்று தனக்குத்தானே முனகினார். எனக்கு விடை தெரிந்துவிட்டது. தா, மதம். தாமதம். ஆனால் நான் சொல்லவில்லை. அன்று நான் சித்தி கட்சி. அவள் பேசாதவரை நானும் பேசுவதாக இல்லை.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் சித்தி சமையலறையிலிருந்து வந்தாள். கை ஈரமாக இருந்தது. நேராக அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வாம்மா, வா வா" என்று அப்பா துள்ளி எழுந்தார். "இதைக் கேளேன், மதத்தைக் கொடு..."

"மாமா, அவங்க போன் பண்ணினா சொல்லிடுங்க" என்றாள் சித்தி. "வாணாம்."

எங்கள் வீட்டில் அந்தச் சொல் அதுவரை உச்சரிக்கப்பட்டதே இல்லை. அது பஸ் ஸ்டாண்டிலும், மீன் மார்க்கெட்டிலும், ஷேர் ஆட்டோவிலும் புழங்குகிற சொல். நான் அப்படிப் பேசியிருந்தால் அம்மா என் வாயைக் கழுவிவிட்டிருப்பாள். வகுப்பில் வேறு யாராவது பேசியிருந்தால் சித்தியே பெஞ்சில் ஏற்றியிருப்பாள்.

"என்னடி பேச்சு இது?" அம்மா ஓடிவந்தாள். "டீச்சர் பேசுற பேச்சா?"

சித்தி அம்மாவைப் பார்க்கவில்லை. "பிரிங்க மாமா" என்றாள் அப்பாவிடம். "இதையும் பிரிங்க, பார்ப்போம்."

அப்பா என்ன செய்வார், பாவம், பழக்கதோஷம். உதடு தானாக அசைந்தது. "வா... நாம்... வா, நாம் போகலாம்னு..."

"அது ரெண்டு சுழி கூட இல்ல, வேற ந. இது மூணு சுழி."

"வாணம்... மத்தாப்பு, வாணம்..."

"கால் வாங்கியிருக்கு மாமா. நீங்க பாட்டுக்கு எடுத்துட முடியாது."

"அப்ப, வா... ணாம்..."

"ணகரத்துல தமிழ்ச்சொல் எதுவும் தொடங்காது."

"வாண், ஆம்..." என்று இழுத்த அப்பா தரையில் கிடந்த அகராதியை எடுக்கக் குனிந்தார். பாதியில் கை நின்றுவிட்டது. குனிந்தபடியே தலையைத் தூக்கிச் சித்தியைப் பார்த்தார். அந்த ஒரு மாதத்தில் அவர் அவள் முகத்தைப் பார்த்தது அப்போதுதான் என்று அடித்துச் சொல்வேன். அதுவரை அவள் வாயிலிருந்து விழும் எழுத்துகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தியின் கண் சிவந்து வீங்கியிருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நகைச்சுவைக்கு அங்கே ஒரு துளி இடம் இல்லை.

அப்பா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பிரியலைம்மா" என்றார்.

"பிரியாது மாமா" என்றாள் சித்தி.

இதற்குப் பிறகு சித்திக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனதா, யாரோடு, எப்போது என்று சிலர் இந்நேரம் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருப்பீர்கள். நிறுத்துங்கள். உங்களுக்கும் அன்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சிரித்தவர்களுக்கும் என்ன வித்தியாசம்? சித்தி நன்றாக இருக்கிறாள். போன வாரம்கூட ஒரு குறிப்பு அனுப்பி என் தூக்கத்தைக் கெடுத்தாள். அது போதும்.

போன் அடித்தது. அம்மா பதறிப்போய் அப்பாவைப் பார்த்தாள். "முதல்ல நாளைக் குறிங்க, அவகிட்ட அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் கிசுகிசுப்பாக. அப்பா காயாத பின்னல் துணியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு ரிசீவரை எடுத்தார். குரோம்பேட்டைக்காரரின் குரல் எப்போதும் கூடம் முழுக்கக் கேட்கும்.

"சார், இந்த வாரம் மதத்தைக் கொடு போட்டாச்சா? நான் காலையிலயே போட்டுட்டேன்! சரி சரி, நாளைப் பார்ப்போம், பஞ்சாங்கம் கையில இருக்கு..."

"சார்" என்றார் அப்பா. "பொண்ணு வேண்டாம்னு சொல்லிடுச்சு சார்."

அந்தப் பக்கம் வெடிச் சிரிப்பு. "வேண்டு, ஆம்! அதான் அன்னிக்கே சொன்னீங்களே! மறக்குமா சார்?"

அப்பாவின் காது சிவந்தது. தான் செய்த வேடிக்கை தன்னையே பார்த்துச் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு, ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். சித்தி சுவரோடு சாய்ந்து, இரண்டு கைகளையும் இறுகக் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் தப்பாப் பிரிச்சுட்டேன் சார். மன்னிச்சுக்கணும்" என்றார் அப்பா.

"என்ன சார், தப்பா? இலக்கணப்படி அழகாப் பிரியுதே சார்!"

"இலக்கணப்படி பிரியலாம் சார்" என்றார் அப்பா. "எங்க வீட்டுப் பொண்ணு சொன்னா அது பகாப்பதம்."